கைபடாத ஓட்டம்

அந்தச் சனிக்கிழமை ஒத்திகையில் செயலாளர் செய்த காரியத்தை வேறெங்காவது செய்திருந்தால் நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியிருப்பார். தண்டவாளத்தை விட்டுச் சரிந்து கிடந்த ஒரு குட்டி இன்ஜினை இரண்டு விரலால் எடுத்தார், சக்கரங்களைத் தண்டவாளத்தின் மேல் உட்காரவைத்தார், முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டார். அவ்வளவுதான். ஆனால் அந்த இன்ஜின் பல்லக்காவுடையது. அது விழுந்து கிடந்த மலைப்பாதைப் பலகையும் பல்லக்காவுடையது. பல்லக்காவும் அங்கேயேதான் நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

குட்டி ரயில் சங்கத்தின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதில் என்ன குற்றம் என்று தோன்றும். சங்கத்தில் ஆளுக்கொரு பலகை. அவரவர் வீட்டில் அந்தப் பலகையின் மேல் தண்டவாளம் போட்டு, மலையோ ஊரோ பாலமோ அமைத்து, சங்கத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்து திருகாணி போட்டு ஒன்றோடு ஒன்றை முடுக்குவார்கள். எல்லாம் சேர்ந்தால் கொட்டகையைச் சுற்றி ஒரே பாதை. ஒரு பலகைக்குள் வண்டி நுழைந்தால் அந்தப் பலகைக்காரர்தான் அதை ஓட்டுவார். எல்லை தாண்டியதும் அடுத்தவர் வாங்கிக்கொள்வார். வண்டி விழுந்தால் தூக்கி வைப்பதும் பலகைக்காரரின் கைதான். குடையை மாற்றி எடுத்துக்கொண்டு போனவனைக்கூட இவர்கள் மன்னித்துவிடுவார்கள். அடுத்தவர் பலகையில் கேட்காமல் கை வைத்தவனோடு பேச்சுவார்த்தையே நின்றுபோகும்.

இந்த வழக்கத்தைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே செயலாளர்தான். அப்படிப்பட்டவர் கை வைத்தார். அதைவிட மோசம், சுற்றி நின்ற ஒருவர்கூட அது தப்பு என்று வாயைத் திறக்கவில்லை. கூரையில் ஏதோ புதிதாக முளைத்துவிட்ட மாதிரி எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லக்காவுக்குக் காது மடல் வரை சுட்டது. இன்ஜினைப் பெட்டியில் வைத்து மூடி, பலகையையும் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவர்கள் ஏன் கூரையைப் பார்த்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் கை நடுங்கும். கொஞ்ச நாளாகத்தான். உயிருக்கு ஒன்றுமில்லை, வயதோடு வருகிற நடுக்கம், யாராவது உற்றுப் பார்த்தால் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அப்ப யாரும் பார்க்காத இடமா பார்த்துக் குடியிருக்கணுமா" என்று பல்லக்கா கேட்டதற்கு அந்த டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். இவர்களுடைய தண்டவாளமோ சுண்டுவிரல் நகத்தின் அகலம். அதில் மிளகளவு சக்கரங்களை வரிசையாக உட்காரவைக்க வேண்டும். நடுங்காத கைக்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது.

பல்லக்கா என்பது சங்கத்தில் வைத்த பெயர். பல் செட் செய்து கொடுக்கிற கூடத்தில் வேலை பார்த்துத் தலை நரைத்தவள் அவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த வாய்க்குப் பொருந்துகிற பற்களை இவள் செய்து அனுப்புவாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பற்களைப் பளிங்கு மாதிரி வெள்ளையாகச் செய்து நிறுத்துவார்கள். பல்லக்கா அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். ஈறுக்குப் பக்கத்தில் துளி மஞ்சள் வேண்டும், ஒரு பல் அடுத்த பல்லைவிட மயிரிழை முன்னால் நிற்க வேண்டும், முனையில் கொஞ்சம் தேய்மானம் வேண்டும். அப்போதுதான் அது வாயில் முளைத்த பல். இல்லாவிட்டால் கடையில் வாங்கிய பல் என்று சிரிக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்ஜின்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். மற்றவர்கள் கடையில் வாங்கிய நீராவி இன்ஜினை அதன் பளபளப்போடு ஓட்டிக்கொண்டு பெருமைப்பட்டார்கள். பல்லக்கா வாங்கி வந்த அன்றே அதன் பளபளப்பைத் தேய்த்து எடுத்தாள். பிறகு தூரிகையால் தீட்டினாள்: கொதிகலனின் வயிற்றில் துரு, நீராவி சீறுகிற வால்வுக்குக் கீழே உப்பு வழிந்த வெள்ளைக் கோடு, டிரைவர் கால் வைத்து ஏறுகிற படியில் மட்டும் தேய்ந்து மினுங்குகிற இரும்பு. நடுக்கம் வந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. துரு என்ன கோடு போட்ட நோட்டில் எழுதின மாதிரியா இறங்குகிறது, அதுவும் நடுங்கித்தான் இறங்குகிறது என்பாள்.

வீட்டில் மாஸ்டர் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே மாஸ்டர் என்று கூப்பிட்டதில் பெண்டாட்டியும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாள்.

"என்னம்மா, இன்னிக்கு வண்டி சீக்கிரமே வந்துடுச்சு?"

"வண்டி விழுந்துச்சு. செயலாளர் தூக்கி வச்சார்."

மாஸ்டர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அவர் யாரு தூக்கி வைக்க?"

அன்று அவள் காதில் விழுந்த ஒரே நியாயமான பேச்சு அதுதான். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் செயலாளரே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வருகிறவர் மாதிரி அதை மேஜை மேல் வைத்தார். பார்க்கப்போனால் அவர் கெட்டவர் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்தவர், யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். அதுதான் பல்லக்காவுக்கு வயிற்றெரிச்சல். சண்டைக்கு வருகிறவனாக இருந்தால் ஒரு பிடி பிடித்துவிடலாம். இரக்கப்படுகிறவனை என்ன செய்வது?

"அக்கா, கண்காட்சி வருது. கடைசி நாள் கைபடாத ஓட்டம். உங்களுக்குத் தெரியாததில்ல."

தெரியாமல் என்ன? சங்கத்துக்கே அதுதான் கௌரவம். செயலாளர் மணி அடித்ததும் வண்டிகள் கிளம்ப வேண்டும்; மறுபடி மணி அடிக்கிற வரை எந்த வண்டி மேலும் எவர் கையும் படக் கூடாது. பட்டால் ஓட்டம் கெட்டது. போன கண்காட்சியிலும் அதற்கு முந்தியதிலும் ஒரு கைகூடப் படாமல் ஓட்டிக்காட்டியிருந்தார்கள்.

"இந்தத் தடவை மலைப்பாதையை நானே பார்த்துக்கறேன். நீங்க முன் வரிசையில உட்காருங்க. சிறப்பு விருந்தினர். ரிப்பன் வெட்டறது நீங்கதான்."

"கத்தரிக்கோலை இந்தக் கையில குடுக்கப்போறீங்களா? ரிப்பனோட உங்க சட்டையும் போயிடும்."

செயலாளர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஆரஞ்சுப் பையைப் பார்த்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் மகளும் வீட்டில் இருந்தாள். மருந்துக்கடை நடத்துகிறவள், அம்மாவுக்கு அழுத்திப் பழக ரப்பர்ப் பந்து வாங்கிக் கொடுத்தவள்.

"அங்கிள் சொல்றதுல என்னம்மா தப்பு? டென்ஷன் இல்லாம உட்கார்ந்து ரசிச்சுட்டு வா."

"ரசிக்கறதுக்கு நான் சினிமாவுக்குப் போறேன்" என்றாள் பல்லக்கா. "நான் ஓட்டறவ. பார்க்கறவ இல்ல."

இதை மகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நின்ற வண்டியை எடுக்கும்போது முதலில் இன்ஜின் மட்டும் அசையும். பிறகு முதல் பெட்டியின் கொக்கி இறுகும், அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிப் பெட்டி அசைகிற வரை அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கொடுக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் மொத்த வண்டியின் கனமும் தன் உடம்புக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். முன் வரிசை நாற்காலியில் அது வராது. அந்த இடத்தை ஒருமுறை விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைக்காது என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கண்காட்சிக்கு ரிப்பன் வெட்டுகிறவளை அடுத்த கண்காட்சிக்குப் பலகையைப் பிரித்து ஒப்படைக்கச் சொல்வார்கள், அதற்கும் ஒரு பை பழத்தோடு வருவார்கள்.

"மலைப்பாதையை நான்தான் ஓட்டுவேன்."

"விழுந்தா என்னக்கா செய்வீங்க?"

"விழாது" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, விழுகிற தண்டவாளம்தான் அறைக்குள் கிடந்தது. செயலாளர் போன கையோடு மலைப்பாதைத் தண்டவாளம் முழுவதையும் பெயர்த்து எறிந்தாள். வண்டி விழுந்தால்தானே கை வேண்டும். விழவே விழாத பாதை ஒன்றைப் போட்டுவிட்டால் எவர் தயவும் வேண்டாம்.

அந்த அறையில் அவளை யாரும் பார்க்கவில்லை. பார்க்காதபோது கை ஓரளவு சொன்னபடி கேட்டது. மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, குட்டிக் கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அவற்றின் மேல் தண்டவாளத்தைப் படுக்கவைத்தாள். ஒரு நாளில் ஒரு சாண் முடிந்தால் பெரிய காரியம். கை அடம்பிடித்தால் எழுந்து போய் மாஸ்டரோடு சண்டை போட்டுவிட்டு வருவாள். திரும்பி வந்ததும் கை கொஞ்சம் அடங்கியிருக்கும். மாஸ்டரும் தன் பங்குக்கு, "என்னம்மா, கை படுத்துதா? வா, எதுக்குச் சண்டை போடலாம்?" என்று தயாராக உட்கார்ந்திருப்பார்.

ஒரு தண்டவாளமும் அடுத்த தண்டவாளமும் சேருகிற இடத்தில்தான் பழைய பாதையில் சக்கரம் தட்டியது. புதிய பாதையில் அந்தச் சேர்மானங்களை எல்லாம் ஈயம் உருக்கி அடைத்தாள். ஆறியதும் அரத்தால் ராவினாள். ராவிய இடத்தின் மேல் நுனிவிரலை ஓட்டிப் பார்த்தாள். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. பல் செட்டில் நாக்கு உரசுகிற சொரசொரப்பை இந்த விரல்தான் எத்தனையோ வருஷம் தேடிக் கண்டுபிடித்தது. மலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சேர்மானம் எங்கே என்று அவளுக்கே தெரியாதபடி பாதை வழுவழுவென்று ஓடியது.

அதைப் பார்த்து, வீட்டுக்கு வந்திருந்த லிஃப்ட்காரர் தலையைச் சொறிந்தார். கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சங்கத்தின் மின்சார வேலை, சிக்னல் விளக்குகள் எல்லாம் அவர் பொறுப்பு. சங்கத்தில் பல்லக்காவைவிட இளையவர், அவளிடம் பயம் கலந்த மரியாதை உண்டு.

"அக்கா, நடுவுல எங்கேயும் இடம் விடலையா? சூடு ஏறினா இரும்பு நீளுமே. நீளறதுக்கு இடம் வேணாமா?"

"பல்லுக்கு நடுவுல இடம் விட்டா சாப்பாடு சிக்கும்" என்றாள் பல்லக்கா. "நம்ம கொட்டகையில என்ன சூடு? குளிருதுன்னு செயலாளர் ஸ்வெட்டர் போட்டுட்டு வர்றார்."

அவரை அவள் கூப்பிட்டது வேறு வேலைக்கு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று உண்டு. வண்டிகளை ஓட்டுவது அதை வைத்துத்தான். நடுங்குகிற கையால் திருகினால் வண்டியும் கூடச் சேர்ந்து திக்கித் திக்கிப் போகும். பல்லக்கா பரணிலிருந்து ஒரு பழைய கால் மிதியை எடுத்து அவர் முன் வைத்தாள். பல் ராவுகிற மோட்டாருக்கு இருந்தது அது. மிதியை அழுத்த அழுத்த மோட்டார் வேகம் பிடிக்கும், காலை எடுத்தால் நிற்கும். வேலைக்காலம் முழுக்க அவளுடைய வலது கால் அதன் மேல்தான் கிடந்தது.

"திருகைக் கழட்டிட்டு இதைச் சேர்த்துக் குடு. என் கால் நடுங்கறதில்ல."

லிஃப்ட்காரர் மிதியைத் திருப்பிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "இதுக்கு வேற மாதிரி வயர் போடணும்க்கா. வச்சுட்டுப் போறேன், ரெண்டு நாள்ல சரி பண்ணித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு, வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்.

அடுத்த ஒத்திகைக்குப் பல்லக்கா மிதியோடு போய் இறங்கினாள். அதை மேஜைக்கடியில் வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது கால் மிதியில். வண்டி மலைக்குள் நுழைந்தது, மூச்சு வாங்குகிற மாதிரி மெதுவாக ஏறியது, குகைக்குள் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தது. பக்கத்துப் பலகைக்காரர்கள் தங்கள் வேலையை மறந்து பார்த்தார்கள். வண்டி ஒரு இடத்திலும் தலையைக்கூட ஆட்டவில்லை.

செயலாளர் குனிந்து மேஜைக்கடியில் பார்த்தார். "எல்லாரும் திருகை வச்சு ஓட்டறாங்க. நீங்க மட்டும் காலால ஓட்டினா, பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"என் காலைப் பார்க்கவா டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்க?"

"அதுக்கில்லக்கா. ஒரு ஒழுங்குன்னு இருக்குல்ல."

"ஒழுங்கைப் பத்தி நீங்க பேசாதீங்க. என் பலகையில கேட்காம கை வச்சவர் நீங்க."

செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. உதவி என்று நினைத்துத்தான் செய்தார், பாவம். அதை இப்படி ஒரு குற்றமாக யாராவது எடுத்து முன்னால் போடுவார்கள் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார். லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிதி நல்லாத்தான் வேலை செய்யுது சார், நான்தான் வயர் போட்டேன்" என்றார். கூரையைப் பார்த்தவர்களில் இரண்டு பேர் அதற்குத் தலையாட்டினார்கள். மலைப்பாதை பல்லக்காவிடமே இருந்தது.

கண்காட்சியின் கடைசி நாள் கொட்டகையில் நிற்க இடம் இல்லை. மாஸ்டர் கடைசி வரிசையில் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றார். மகள் கடையைப் பூட்டிவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். சங்கத்தைப் பற்றிப் படம் எடுக்க வந்திருந்த இரண்டு பேர் எல்லாப் பலகைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மலைதான் அழகு என்று பெரிய விளக்குகள் இரண்டைக் கொண்டுவந்து பல்லக்காவின் பலகைக்கு மேல் நிறுத்தினார்கள். பல்லக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வெளிச்சம் படிக்கட்டுப் படிக்கட்டாக மலை மேல் இறங்கியதும் அவள் இன்ஜினின் துருவும் உப்புக் கோடும் தேய்ந்த படியும் உயிர் வந்த மாதிரி தெரிந்தன.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வைங்க தம்பி" என்று அவளே சொன்னாள். "துரு படத்துல நல்லா விழட்டும்."

செயலாளர் மணி அடித்தார். வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பின. பல்லக்கா தன் எல்லையில் வண்டியை வாங்கினாள், ஏற்றினாள், குகைக்குள் விட்டாள், அடுத்தவரிடம் ஒப்படைத்தாள். லிஃப்ட்காரரின் சரக்கு வண்டி வந்தது. நீண்ட வண்டி, வால் வளைவில் இருக்கும்போது தலை குகைக்குள் இருக்கும். அதையும் சிந்தாமல் சிதறாமல் கடத்திவிட்டாள். அப்புறம் செயலாளரின் எக்ஸ்பிரஸ். அதை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் நேரம் மலையில் வைத்துக்கொண்டாள், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. கை மடியில் கிடந்து அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. இவ்வளவு சந்தோஷமாக அவள் வண்டி ஓட்டி வெகுநாளாயிற்று.

தன் சொந்த இன்ஜின் மறுபடி மலைக்கு வந்தபோதுதான் அது நடந்தது. குகைக்கு முந்திய வளைவில், விளக்கு நேராகக் காய்ந்த இடத்தில், இன்ஜின் மூக்கைத் தூக்கியது, பக்கவாட்டில் இறங்கியது. முதல் பெட்டியும் இரண்டாவதும் அதன் பின்னால் இறங்கிச் சாய்ந்தன. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

பல்லக்கா குனிந்து பார்த்தாள். அவளுடைய வழுவழுப்பான தண்டவாளம் வளைவில் தொந்தி போட்ட மாதிரி வெளியே தள்ளியிருந்தது. இரும்பு சூட்டில் நீண்டிருக்கிறது. நீள இடம் இல்லாமல் பக்கத்தில் பிதுங்கியிருக்கிறது. இடம் விடாமல் அடைத்தது அவள், விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னதும் அவள். லிஃப்ட்காரர் எச்சரித்தும் கேட்கவில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்குள்ளேயே ஒரு தெம்பும் இருந்தது. இது கை செய்த தப்பு இல்லை, மண்டைக் கர்வம் செய்த தப்பு. இந்தத் தப்பைக் கை நடுங்காத ஒருவன்கூடச் செய்யலாம்.

அதற்குள் செயலாளர் அவள் பக்கத்தில் வந்துவிட்டார். தாழ்ந்த குரலில், "பலகைக்கு முன்னால இருக்கற திரையை இழுத்துடலாம்க்கா. இடைவேளைன்னு சொல்லிடறேன். ரெண்டே நிமிஷம், நான் சரி பண்ணிடறேன்" என்றார்.

"திரையை யாரும் தொடக் கூடாது."

"ஓட்டம் கெட்டுடும்."

"கெட்டுடுச்சு சார். நான்தான் கெடுத்தேன். என் பலகை, நான்தான் சரி பண்ணணும்." பல்லக்கா ஸ்டூலை விட்டு எழுந்தாள். "நீங்க போய் மைக்ல சொல்லுங்க. மலைப்பாதையில வேலை நடக்குது, வண்டியெல்லாம் நிக்கும்னு."

செயலாளர் நின்றார். அவர் கை தன்னையறியாமல் இன்ஜினை நோக்கி எழுந்தது. பல்லக்கா அந்தக் கையைப் பார்த்தாள். அவர் அதை இறக்கிக்கொண்டு மைக் இருக்கிற இடத்துக்குப் போனார். அவள் சொன்னதை அப்படியே, ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னார். லிஃப்ட்காரர் தன் பக்கத்தில் சிவப்பு விளக்கைப் போட்டார். கொட்டகையைச் சுற்றி எல்லா வண்டியும் நின்றுவிட்டது.

"அந்த விளக்கை அணைங்க தம்பி" என்றாள். விளக்கு அணைந்தது. படம் பிடிக்கிற கருவி அணையவில்லை என்பதைக் கவனித்தாள், பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கருவிப் பெட்டியிலிருந்து கட்டரை எடுத்தாள். கொட்டகை முழுக்க அவள் கையைப் பார்த்தது. டாக்டர் சொன்னது சரிதான். இத்தனை கண் பட்டதும் கை காற்றில் மாட்டிய காகிதம் மாதிரி ஆடியது. முன்பெல்லாம் இப்படி ஆடும்போது அதைப் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொள்வாள். இன்று ஒளிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மலைக்கு மேல் நீட்டினாள். கட்டரின் வாய் தண்டவாளத்தைத் தேடி இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை கவ்வியது. ஒரு டக். பிதுங்கிய இரும்பு விடுபட்டு நேரானது. மயிரிழை அகலத்துக்கு ஒரு வெட்டு விழுந்திருந்தது, அது இனி அங்கேயே இருக்கும்.

பிறகு வண்டியைத் தூக்கினாள். முதலில் பெட்டிகள். ஒரு பக்கத்துச் சக்கரம் உட்கார்ந்தால் மறுபக்கத்துச் சக்கரம் நழுவியது. மறுபடி. மறுபடி. முன் வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "ஐயோ பாவம்" என்றது தெளிவாகக் கேட்டது.

பல்லக்கா தலை நிமிர்ந்தாள். "பாவமெல்லாம் இல்லம்மா. நேரமாகும், அவ்வளவுதான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு. கடைசி வரிசையில் மகள் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். மாஸ்டர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "அங்கேயே நில்லு. உங்கம்மா வேலையா இருக்கா" என்றார், மைதானத்தில் பேசுகிற குரலில். அது கொட்டகை முழுக்கக் கேட்டது.

இன்ஜின்தான் கடைசி. அதில் சக்கரங்கள் அதிகம். ஒவ்வொன்றையும் இணைக்கிற கம்பிகள் வேறு. மணிக்கட்டை மலைச்சரிவில் ஊன்றினாள். அவளே பஞ்சு ஒட்டிச் செய்த மரங்கள் இரண்டு நசுங்கின, நசுங்கட்டும் என்று விட்டாள். பின்சக்கரம் உட்கார்ந்தது. நடுச்சக்கரம் உட்கார்ந்தது. முன்சக்கரம் நழுவி, மூன்றும் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பின்சக்கரத்திலிருந்து ஆரம்பித்தாள். சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒரு குடும்பம் எழுந்து வெளியே போனது. அவள் அவசரப்படவில்லை. இந்தச் சங்கத்தில் இனிமேல் அவள் வண்டி விழுந்தால் இவ்வளவு நேரம் ஆகும்; எல்லோரும் இன்றைக்கே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மூன்று சக்கரமும் உட்கார்ந்தது. விரலை எடுத்தாள். இன்ஜின் அசையாமல் நின்றது.

எங்கிருந்தோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். செயலாளரும் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

பல்லக்கா ஸ்டூலில் உட்கார்ந்து காலால் மிதியைத் தேடினாள்.

"கை தட்டாதீங்க" என்றாள். "பின்னால வண்டியெல்லாம் நிக்குது."